நான்காம் பக்கத்தில் இரண்டு சுருக்கொப்பங்கள்

மார்ச் 3

தங்கைக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் உடன்பிறந்த அண்ணன், வயது ஐம்பத்தாறு, இருபத்தொன்பது ஆண்டுகளாக வழக்கறிஞர், பத்திரம் எழுதுவதை முதன்மைத் தொழிலாகக் கொண்டவன். பெறுபவள், அவற்றில் பதினேழு ஆண்டுகள் அதே அலுவலகத்தின் எதிர் மேசையில் வழக்கறிஞராக அமர்ந்திருந்து, சென்ற ஜூலையில் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் விலகிச் சென்றவள்.

2. எட்டு மாதங்களாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கான காரணங்களை இங்கே விவாதிக்கவும் விரும்பவில்லை. இக்கடிதம் வேறு ஒரு பொருளைப் பற்றியது.

3. தையற்கார அம்மாளை உனக்கு நினைவிருக்கும். பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தம் வீட்டைக் கொழுந்தனார் மகனுக்குத் தானமாக எழுதி வைக்க நம்மிடம் வந்தார். "வீடு அவனுக்கு. நான் சாகுற வரைக்கும் கூரை எனக்கு. இதை மட்டும் கெட்டியா எழுதிடுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஆயுள் முழுவதும் அங்கே குடியிருக்கும் உரிமையை வரைவில் உன் கையால் எழுதியவள் நீ.

4. சென்ற வாரம் அம்மாள் ஓர் அறிவிப்புடன் வந்தார். முப்பது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்யுமாறு அந்தக் கொழுந்தனார் மகன் அனுப்பியது. பதிவான பத்திரத்தை வரவழைத்துப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் அந்தப் பத்தி இல்லை. வரைவில் அடுத்தடுத்த இரண்டு பத்திகளும் "மேலும் மேற்படி வீட்டில்" என்றே தொடங்குகின்றன. நம் தட்டச்சரின் கண் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போயிருக்கிறது. இப்படித் தாவுவதைப் பிடிப்பதற்காகத்தான் ஒப்புநோக்கல் என்ற வேலையே இருக்கிறது: ஒருவர் வரைவை உரக்கப் படிக்க, மற்றவர் சுத்தப் பிரதியில் விரல் வைத்துத் தொடர, பக்கத்தின் அடியில் இருவரும் சுருக்கொப்பம் இடுவது.

5. நான்காம் பக்கத்தின் அடியில் இரண்டு சுருக்கொப்பங்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது உன்னுடையது.

6. சென்ற ஜூன் 29 அன்று நடந்ததில் உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு. ஜூலை முதல் தேதியிலிருந்து பதிவு விதிகள் மாறுகின்றன என்று ஊரே நம் வாசலில் நின்ற நாள் அது. அன்று பதினோரு பத்திரங்கள். படித்தது யார், தொடர்ந்தது யார் என்பதே கேள்வி. யாரையும் குறை சொல்வது என் நோக்கமன்று.

7. உன் மேசை அப்படியே இருக்கிறது. அதன்மேல் இப்போது கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். வேறு இடமில்லை.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

குறை சொல்வது நோக்கமில்லை என்று ஒருவர் தாமாகவே எழுதினால், குறை வரப்போகிறது என்று அவரை எதிராளியாகவே வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அப்படி வைத்துத்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

ஜூன் 28, காலை பத்தரை மணி. பதிவு அலுவலகப் படிக்கட்டில் நான் மயங்கி விழுந்தேன். கையிலிருந்த கோப்புகள் படியெல்லாம் சிதறின. நீங்கள் ஓடி வந்தீர்கள். ஓடி வந்து முதலில் கோப்புகளைப் பொறுக்கினீர்கள். அதன் பிறகு குனிந்து, "எழுந்திருக்க முடியுமா? பன்னிரண்டு மணிக்கு அடுத்த பதிவு இருக்கே" என்றீர்கள். வண்டி பிடித்து என்னை ஏற்றிவிட்டவர் வாசலில் முத்திரைத்தாள் விற்பவர்.

ஜூலை 2 வரை மருத்துவமனையில் இருந்தேன். விடுவிப்புச் சீட்டு என்னிடம் இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்தது ஒன்றாம் தேதி மாலை, கால்மணி நேரம். ஆகவே 29ஆம் தேதி நான் எந்தப் பக்கத்தையும் படிக்கவில்லை, தொடரவில்லை. கையில் ஊசியேற்றிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சுருக்கொப்பத்தைப் போட்டது யார்? எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுத வேண்டும்.

அன்று மருத்துவர் அம்மா சொன்னதை உங்களிடம் சொல்லவே இல்லை. "நோய்னு பேர் வைக்க ஒண்ணும் இல்லம்மா. உடம்பு கடையைச் சாத்திடுச்சு, அவ்வளவுதான்" என்றார். ஏழு நாளும் வேலை, மதியச் சாப்பாடு நின்றபடி, வீட்டிற்கும் ஒரு கோப்புக் கட்டு என்று பதினேழு வருடம் ஓட்டிய பிறகு, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு அழுதேன்.

இப்போது நான் இருப்பது ஓர் இலவசச் சட்ட உதவி நிலையம். பத்து மணிக்குத் திறப்பார்கள், நாலரைக்குப் பூட்டுவார்கள். ஒப்புநோக்கும் வேலை முற்பகலில் மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. நிலையத்தின் தலைவியை மணியக்கா என்போம். கடிகாரம் பார்த்தே பேசுகிறவர். வந்த புதிதில் ஒரு கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பையைத் திறந்து அதை வெளியே எடுத்து, "இதை வெச்சு வீட்ல என்ன, தாளிக்கப் போறியா?" என்றார். முதல் மாதமெல்லாம் நாலரைக்கு வெளியே வரும்போது எதையோ திருடிக்கொண்டு போவதுபோலக் கூசியது. இப்போது பதினோரு மணிக்கு ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் கண்ணில் படுகிறது. அன்று நானும் அங்கே இருந்திருந்தாலும், அந்தப் பதினோரு பத்திரங்களில் நம் பெயரே விடுபட்டிருந்தாலும் நாம் பார்த்திருக்க மாட்டோம்.

அம்மாளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

1. விடுவிப்புச் சீட்டின் உண்மையை நான் ஐயுறவில்லை.

2. படிக்கட்டைப் பற்றி: அவை மூலப் பத்திரங்கள், அன்று மழை தூறியது. இதை ஒரு விளக்கமாகவே எழுதத் தொடங்கினேன். எழுதியதைத் திரும்பப் படிக்கையில் எனக்கே விளக்கமாகப் படவில்லை.

3. சுருக்கொப்பத்தைப் பற்றி: ஆள் கிடைக்காத நாட்களில் ஒருவரே வரைவையும் பிரதியையும் இடமும் வலமுமாக வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு சுருக்கொப்பங்களையும் இடுவது கடைசி இரண்டாண்டுகளாக நம் அலுவலகத்தில் வழக்கமாயிருந்தது. அதற்கு "ஒற்றை மாட்டு உழவு" என்று பெயர் வைத்துச் சிரித்தவள் நீ. எனக்காக நீயும் இட்டதுண்டு. இதை ஒரு வாதமாக அல்ல, நிகழ்வாகப் பதிவு செய்கிறேன்.

4. ஜூன் 29இல் அம்மாளுடையது ஏழாவது பத்திரம். அதற்கு முந்தைய இரண்டு நாட்களாக நான் படுத்து உறங்கவில்லை. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் ஓரளவு நினைவிருக்கின்றன. நான்காம் பக்கத்தை நான் ஒற்றையாளாகக்கூட ஒப்பிடவில்லை. அடியில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். பிறகு உன்னுடையதை இட்டேன். உன் எழுத்தின் கடைசிச் சுழியை உன்னைப் போலவே என்னாலும் போட முடியும்.

5. கண்ணாடி கொண்டு வரவில்லை, படித்துக் காட்ட முடியுமா என்று அம்மாள் அன்று கேட்டார். "எல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கும்மா" என்று சொல்லிக் கையொப்பமிடும் இடத்தைக் காட்டினேன்.

6. பரிகாரம் உண்டு. பத்திரத்தைத் திருத்தக் கோரி வழக்குத் தொடுக்கலாம். அதுவரை அவரை வெளியேற்றாதபடி இடைக்காலத் தடையும் கேட்கலாம். இரண்டிற்கும் பத்திரம் எழுதியவனின் பிரமாண வாக்குமூலம் தேவை. நான் அதைக் கொடுத்த மறுநாள் வழக்கறிஞர் மன்றம் அந்த இரண்டாவது சுருக்கொப்பத்தைப் பற்றிக் கேட்கும். சட்டத்தில் அதற்குக் களைப்பு என்று பெயரில்லை. வேறு பெயர் இருக்கிறது.

7. செய்வேன். இந்த வாரம் நாற்பது பக்கக் குத்தகைப் பத்திரம் ஒன்றும், பாகப்பிரிவினை இரண்டும், படுக்கையில் இருக்கும் ஒருவரின் உயிலும் கையில் இருக்கின்றன. அவை முடியட்டும்.

8. நாலரைக்குப் பூட்டும் அலுவலகங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தற்சமயம் அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

ஆமாம், நானும் போட்டிருக்கிறேன். மூன்று முறை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை மணியக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. அந்த மூவரையும் கண்டுபிடித்து, பத்திரங்களை வாங்கி, வரைவோடு வைத்து வரி வரியாகப் பார்க்க வைத்தார். தட்டச்சரிடம் வரைவுகளை நானே கேட்டு வாங்கினேன். உங்களுக்குத் தெரியாது, அவரைக் கோபிக்காதீர்கள். மூன்றிலும் பிழை இல்லை. அது என் திறமை இல்லை, அவர்களுடைய அதிர்ஷ்டம். ஆகவே என் கை சுத்தம் என்று உங்களுக்கு எழுதவில்லை.

ஆனால் "இந்த வாரம் முடியட்டும்" என்பதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் தெரியுமா? அப்பா படுக்கையில் இருந்தபோதும் இதே வாரம்தான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

வேலை இருப்பதால் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று நெடுநாள் நம்பினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பார்க்கப் பிடிக்காத ஒன்று எதிரே வரும்போதெல்லாம் அதற்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பத்திரத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த நாற்பது பக்கக் குத்தகையைச் செய்ய ஊரில் வேறு வழக்கறிஞரே இல்லையா? அம்மாளுக்கு வாக்குமூலம் கொடுக்கத்தான் உங்களை விட்டால் ஆள் இல்லை.

இதெல்லாம் எனக்கும் பழக்கம்தான். என் வீட்டுக்காரர் என்னை விருந்தாளி என்று கூப்பிடுவார். போன மாதம் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்காக ஏழு மணி வரை இருந்துவிட்டேன். கதவைத் திறந்தவர், "விருந்தாளி வந்தாச்சு. காபி குடிச்சிட்டுக் கிளம்பணுமா, இல்ல ரெண்டு நாள் தங்குவீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். காபியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணி பேசினார்கள். குறையாக எதுவும் சொல்லவில்லை. "உங்க அண்ணன் நேத்து குழம்புக்கு உப்பு கேட்டு வாங்கி, பக்கத்துல இருந்த பத்திரத்துல போட்டாரு. துடைச்சிட்டு மறுபடியும் படிக்கிறாரு" என்றார்கள். சேர்ந்து சிரித்தோம்.

அம்மாளின் முப்பது நாள் முடிந்துவிட்டது. ஏப்ரல் 15க்குள் நீங்கள் வாக்குமூலம் கொடுக்காவிட்டால், விடுவிப்புச் சீட்டோடு என் வாக்குமூலத்தை நான் கொடுப்பேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுருக்கொப்பத்தின் சொந்தக்காரி என்ற முறையில் தெரிவிக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

1. வாக்குமூலத்தை 16ஆம் தேதி நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். நீ குறித்த நாளுக்கு ஒரு நாள் பின்னதாக. 15ஆம் தேதி குத்தகைப் பத்திரத்தின் பதிவில் இருந்தேன். அதைக் காரணமாகக் காட்டவில்லை.

2. 11ஆம் தேதி காலையிலேயே அம்மாளை வெளியேற்றிவிட்டார்கள். கொழுந்தனார் மகன் இரண்டு ஆட்களோடு வந்து தையல் இயந்திரத்தையும் வெட்டு மேசையையும் கட்டிலையும் தூக்கித் தெருவோரம் வைத்திருக்கிறான். நீதிமன்ற ஆணை இல்லாமல் அவன் அப்படிச் செய்தது தவறு. அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறேன். ஆனால் அம்மாள் எதிர்த்து நிற்கவில்லை. "தெருவே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. நானே நடந்து வெளிய வந்துட்டேன்" என்றார். தாமாக வெளியே வந்தவர் என்று எதிர்த்தரப்பு வாதிக்கும்.

3. என் குற்றத்தை உனக்கு ஒப்புக்கொண்டு எழுதியது மார்ச் 21. அன்றே நீதிமன்றத்திலும் ஒப்புக்கொண்டிருந்தால் தடையாணை கிடைத்திருக்கும். இடையில் இருந்தவை இருபத்தொரு நாட்கள். அந்த நாட்களில் ஒன்பது பத்திரங்களை முடித்தேன். ஒன்பதிலும் பிழை இல்லை.

4. 17ஆம் தேதி அம்மாளைப் பார்க்கப் போனேன். சீருடைக் கடையின் பின்புறம் துணிக் கட்டுகளுக்கு நடுவே இயந்திரத்தைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே படுக்கிறார். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கைப்பகுதியைத் தைத்து முடிக்கும் வரை அவர் நிமிரவில்லை. பின்பு நடந்த உரையாடலை உள்ளபடி எழுதுகிறேன்.

"அந்தப் பக்கத்தை நீங்க படிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"படிச்ச மாதிரி கையெழுத்து மட்டும் போட்டீங்க."

"ஆமாம்."

"உங்க தங்கச்சி கையெழுத்தையும்."

"ஆமாம்."

பதினோரு பத்திரங்கள் என்பதையும், உறக்கமில்லை என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னார்: "சார், பள்ளிக்கூடம் திறக்குற மாசத்துல நான் எண்ணூறு சட்டை தைப்பேன். கண்ணு மங்கிச்சுன்னா மெஷினை நிறுத்திடுவேன். இல்லன்னா ஊசி விரல்ல ஏறிடும். உங்க வேலையில அந்த பயம் இல்ல. ஏறினா அடுத்தவங்க விரல்லதான் ஏறும்."



5. வழக்கின் அடுத்த தேதி ஆகஸ்ட் 30. அம்மாளின் வயது அறுபத்தெட்டு. தீர்ப்பு எப்போது வரும் என்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞர் மன்றம் என் விளக்கத்தைக் கேட்டிருக்கிறது, ஜூனில் விசாரணை.

6. அலுவலகம் இருப்பது அப்பா நமக்கு விட்டுச் சென்ற வீடு. பின்கட்டின் இரண்டு அறைகளிலும் சமையலறையிலும் பழைய கோப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அவற்றைக் காலி செய்து தருகிறேன், வந்து இருங்கள் என்று அம்மாளிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. வீட்டில் சரிபாதி உன்னுடையது. உன் ஒப்புதலைக் கேட்காமல் பேசியது முறையன்று, இப்போது கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

என் பாதியும் தாராளமாக.

அம்மாள் உங்களுக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டார். வருகிறாராம். ஆனால் வாய்ப்பேச்சாக வேண்டாம், பத்திரமாக வேண்டும். ஏன் அவரிடமே சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு எழுதிடுவாரு. எழுதினதைப் படிக்க மாட்டாரே" என்றார். அவர் சொன்ன நிபந்தனைகளை எல்லாம் குறித்துக்கொண்டேன். சில உங்களுக்குப் பிடிக்காது.

நானே வரைகிறேன். தினமும் இரண்டு மணி நேரம், மூன்று நாள். முன்கூட்டி உங்களுக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினால் திருத்தித் திருத்தியே அதைக் கொன்றுவிடுவீர்கள். மே 10, சனிக்கிழமை, பதினோரு மணிக்கு வருவேன். ஒன்றரை மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன். அன்று அந்த ஒரு பத்திரம்தான். "வந்ததுதான் வந்தாய், இதையும் ஒரு பார்வை" என்று எதையும் நீட்டாதீர்கள். நீட்டினால் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவேன்.

படிக்கட்டை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டுத்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கை


மே 12

தங்கைக்கு,

1. பத்திரத்தின் நகல் உன் கோப்புக்காகக் கீழே தரப்படுகிறது. என் கையால் எழுதி, அம்மாளின் முன்னிலையில், தட்டச்சர் உரக்கப் படிக்க ஒப்பிட்டேன்.

2. நீ படித்துக்கொண்டிருந்தபோது ஆறாம் விதியில் நான் குறுக்கிட்டேன். அப்படி ஒரு வாசகம் குடியிருப்புப் பத்திரத்தில் இடம்பெறும் மரபில்லை என்றேன். "மரபு ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதினது அப்படியே இருக்கட்டும்" என்று அம்மாள் சொன்னார். நீ என்னைப் பார்க்காமல் அந்த வரியைப் படித்து முடித்தாய். நீ செய்தது சரி.

3. இன்று திங்கள். மாலை ஐந்து மணிக்கு அம்மாள் வந்து விளக்கை அணைத்தார். பாதி வாக்கியத்தில் பேனா நின்றது. வீட்டிற்கு நடந்தேன். உன் அண்ணி கதவைத் திறந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

குடியிருப்பு உரிமைப் பத்திரம்

ஒன்று. எழுதிக் கொடுப்பவர்கள்: முதலாமவர், வழக்கறிஞர், அண்ணன், இரண்டாமவர், வழக்கறிஞர், தங்கை. இருவரும் இவ்வீட்டின் சரிபாதி உரிமையாளர்கள்.

இரண்டு. எழுதி வாங்குபவர்: தையற்கார அம்மாள்.

மூன்று. இவ்வீட்டின் பின்கட்டு அறைகள் இரண்டிலும் சமையலறையிலும் அம்மாள் தம் ஆயுள் முடியும் வரை வாடகையின்றிக் குடியிருக்கலாம். தம் சொந்த வீடு வழக்கில் மீண்டாலும் இவ்வுரிமை நீங்காது.

நான்கு. வீட்டிற்கு வாசல் ஒன்றே ஆதலால், முன்கட்டிலுள்ள அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும், ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படாது. அந்நேரங்களில் கட்சிக்காரரோ, கோப்போ, முதலாமவரோ உள்ளே இருக்க உரிமையில்லை. சாவிகள் இரண்டும் அம்மாளிடம் இருக்கும்.

ஐந்து. எவ்வளவு அவசரமான வேலையையும் நான்காம் விதிக்கு விலக்காகக் கொள்ளலாகாது.

ஆறு. இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டதனால், முதலாமவர் செய்ததை அம்மாள் பொறுத்துக்கொண்டதாக யாரும் பொருள் கொள்ளலாகாது.

மே 10, முற்பகல் பதினொன்றேகால் முதல் பன்னிரண்டரை வரை இப்பத்திரம் இரண்டாமவரால் வரிக்கு வரி உரக்கப் படிக்கப்பட்டு, அம்மாள் கண்ணாடி அணிந்து விரல் வைத்துத் தொடர்ந்து, ஒப்பிடப்பட்டது.

எழுதிக் கொடுத்தவர்கள்:
(ஒப்பம்) அண்ணன்
(ஒப்பம்) தங்கை

எழுதி வாங்கியவர்:
(ஒப்பம்) தையற்கார அம்மாள்

சாட்சிகள்:
1. (ஒப்பம்) தட்டச்சர்
2. (ஒப்பம்) முதலாமவரின் மனைவி